டோனா சம்மரின் தொகுப்பு ஆல்பத்தை எடை போடுவது எப்படி?

டோனா சம்மர் என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை தொகுப்பு ஆல்பங்கள்தான். 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்', 'த வெரி பெஸ்ட்', 'கோல்ட்', 'அந்தாலஜி' என்று வரிசையாக இருக்கும். எல்லா அட்டையிலும் அதே முகம், அதே கூந்தல். எல்லாப் பட்டியலிலும் 'ஹாட் ஸ்டஃப்' உண்டு. இவற்றில் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று புதிதாகக் கேட்க வருபவருக்குத் தெரியாது. கடைக்காரரும் சொல்ல மாட்டார், ஸ்ட்ரீமிங் செயலியும் சொல்லாது.

டிஸ்கோ பாடகர் ஒருவரின் மொத்தப் பயணத்தையும் காட்டுவதாகச் சொல்லும் தொகுப்பை எப்படிச் சோதிப்பது என்பதை டோனா சம்மரை வைத்தே இங்கே பார்க்கலாம். வேறு டிஸ்கோ பாடகர்களுக்கும் இதே முறை பெரும்பாலும் செல்லும். டோனா சம்மரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், ஒரு தொகுப்பில் வரக்கூடிய சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே அவர் விஷயத்தில் வந்திருக்கின்றன என்பதுதான்.

முதலில் பயணத்தின் வரைபடம்

பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அவருடைய பாதை தோராயமாகத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எது விடுபட்டது என்றே தெரியாது.

1948 டிசம்பர் 31 அன்று பாஸ்டனில் பிறந்தவர். 'ஹேர்' இசை நாடகத்தில் நடிக்க 1968இல் ஜெர்மனிக்குப் போய் மியூனிக்கில் தங்கிவிட்டார். அங்கே ஆஸ்திரிய நடிகர் ஹெல்முத் சோமரை மணந்தார். அந்த 'சோமர்'தான் பிறகு 'சம்மர்' ஆனது. இத்தாலியரான ஜோர்ஜியோ மொரோடர், ஆங்கிலேயரான பீட் பெலாட் என்ற இரண்டு தயாரிப்பாளர்களோடு சேர்ந்தார். 1974இல் வந்த முதல் ஆல்பம் 'லேடி ஆஃப் த நைட்'. அதிலிருந்து வந்த 'த ஹாஸ்டேஜ்' நெதர்லாந்தில் ஹிட். அமெரிக்காவில் அப்போது அவரை யாருக்கும் தெரியாது.

1975இல் 'லவ் டு லவ் யூ பேபி' வந்தது. அமெரிக்க ஹிட் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. (வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது ஸ்பீக்கரில் போடுகிற பாட்டல்ல, ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.) 1977இல் 'ஐ ஃபீல் லவ்'. 1978இல் 'லாஸ்ட் டான்ஸ்', 'மெக்கார்தர் பார்க்'. 1979இல் 'ஹாட் ஸ்டஃப்', 'பேட் கேர்ள்ஸ்', 'டிம் ஆல் த லைட்ஸ்', பார்பரா ஸ்ட்ரைசாண்டோடு 'நோ மோர் டியர்ஸ்'. கேஸபிளாங்கா என்ற நிறுவனத்தில் இருந்த காலம் இது. பொதுவாக டோனா சம்மர் என்றால் நினைவுக்கு வருவது இந்த ஐந்து வருடம்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1980இல் கெஃபன் நிறுவனத்துக்கு மாறி 'த வாண்டரர்' கொடுத்தார். அதில் ராக் வாசனை தூக்கல். 1982இல் குவின்சி ஜோன்ஸ் தயாரிப்பில் ஓர் ஆல்பம் வந்தது. அதில் 'ஸ்டேட் ஆஃப் இண்டிபென்டன்ஸ்' பாட்டின் கோரஸில் மைக்கேல் ஜாக்சன், ஸ்டீவி வொண்டர், லயனல் ரிச்சி எல்லோரும் நின்று பாடியிருக்கிறார்கள். 1983இல் 'ஷி வொர்க்ஸ் ஹார்ட் ஃபார் த மணி'. 1989இல் பிரிட்டனின் தயாரிப்பாளர்கள் ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மன் மூவரோடு 'திஸ் டைம் ஐ நோ இட்ஸ் ஃபார் ரியல்'. மொரோடரோடு செய்த 'கேரி ஆன்' பாட்டுக்கு 1998இல் கிராமி விருது. 2008இல் கடைசி ஸ்டூடியோ ஆல்பம் 'கிரேயான்ஸ்'. 2012 மே 17 அன்று மறைந்தார்.

மொத்தப் பயணம் என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே 1975 முதல் 1979 வரை மட்டும் இருந்தால் அது பொய் விளம்பரம். நல்ல தொகுப்பாகவும் இருக்கலாம், அது வேறு விஷயம். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

பாட்டின் பெயரை விடுங்கள், நிமிடத்தைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கோவில் ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு வடிவம் கிடையாது. வானொலிக்கு ஒன்று, ஆல்பத்துக்கு ஒன்று, நடன அரங்குக்கு ஒன்று. பெயர் மூன்றுக்கும் ஒன்றுதான். ஆனால் கேட்கும் அனுபவம் மூன்றிலும் வேறு.

'லவ் டு லவ் யூ பேபி'யையே எடுத்துக்கொள்வோம். முதலில் சாதாரண நீளத்தில்தான் பதிவானது. கேஸபிளாங்காவின் தலைவர் நீல் போகார்ட், இதை இன்னும் நீட்டிக் கொடுங்கள் என்று கேட்டார். மொரோடர் நீட்டினார். ஏறக்குறைய 17 நிமிடம் ஓடுகிற வடிவம் பிறந்தது. ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரு பாட்டுதான். அமெரிக்காவில் ஆளை உயர்த்தியது அந்த நீளம். இப்போது ஒரு தொகுப்பில் இதே பாட்டு ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால், வரலாற்றில் பேர் வாங்கிய அந்தப் பாட்டு அங்கே இல்லை. வானொலிக்காக நறுக்கிய துண்டு மட்டும் இருக்கிறது.

'ஐ ஃபீல் லவ்' ஆல்பத்தில் 5 நிமிடம் 53 வினாடி. சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுத் தட்டாக, வந்தபோது நாலு நிமிடத்துக்குள் சுருக்கினார்கள். நடன அரங்குக்கான 12 அங்குலத் தட்டில் எட்டு நிமிடத்துக்கு மேல். பிறகு சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பாட்ரிக் கௌலி தன் கைவரிசையில் செய்த ரீமிக்ஸ் 15 நிமிடத்தைத் தாண்டும். அது 1982இல் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. இவற்றில் எது சரி? ஆல்ப வடிவம் குறைந்தபட்சம். அதற்கும் கீழே போனால் பாட்டு தொடங்கி அடுக்கடுக்காக ஏறும் அந்தக் கட்டுமானம் போய்விடும், வெறும் மெட்டு மட்டும் மிஞ்சும். இந்தப் பாட்டில் மெட்டு பெரிய விஷயமே இல்லை.

'மெக்கார்தர் பார்க்' இன்னும் சுவாரசியம். ஜிம்மி வெப் எழுதி 1968இல் ரிச்சர்ட் ஹாரிஸ் பாடிய பழைய பாட்டு. டோனா சம்மர் பாடியபோது அவருக்கு அமெரிக்காவின் முதல் நம்பர் ஒன் ஆனது. 'லைவ் அண்ட் மோர்' ஆல்பத்தில் இது தனிப் பாட்டல்ல. 'ஒன் ஆஃப் எ கைண்ட்', 'ஹெவன் நோஸ்' என்ற இரண்டையும் நடுவில் வைத்து மறுபடி முதல் பாட்டுக்கே திரும்பும், 17 நிமிடத்துக்கும் மேலான ஒரு தொடர். அந்த ஆல்பம் சி.டி.யாக வந்தபோது இடம் போதவில்லை என்று இந்தத் தொடரையே தூக்கிவிட்டு வேறு பாட்டை வைத்தார்கள். ஆல்பத்தின் உயிரை எடுத்துவிட்டு உடம்பை விற்ற கதை. 1987இல் வந்த 'த டான்ஸ் கலெக்‌ஷன்' என்ற தொகுப்பில்தான் அந்தத் தொடர் சி.டி. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது. சில நேரம் தொகுப்பு ஆல்பம் மூல ஆல்பத்தையே மிஞ்சிவிடும் என்பதற்கு இது சாட்சி.

ஏன் நறுக்குகிறார்கள்? வெறும் கணக்குதான். கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டருக்குப் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போனவர்களுக்கு இது உடனே புரியும். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது. கடைசிப் பாட்டு பாதியில் 'டக்' என்று நிற்கும். சி.டி.க்கும் அதே நெருக்கடிதான், அளவு மட்டும் 80 நிமிடம். 1994இல் வந்த 'என்ட்லெஸ் சம்மர்' ஒரே சி.டி.யில் 18 பாட்டு. வகுத்துப் பாருங்கள்: ஒரு பாட்டுக்கு நாலரை நிமிடம்கூடக் கிடைக்காது. ஆகவே அதில் இருப்பவை பெரும்பாலும் சிங்கிள் வடிவங்கள் என்று பட்டியலைத் திறக்காமலே சொல்லிவிடலாம். மாறாக, 'லவ் டு லவ் யூ பேபி', 'மெக்கார்தர் பார்க்' தொடர், 'நோ மோர் டியர்ஸ்' மூன்றையும் நீண்ட வடிவத்தில் வைத்தால் அதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். மிச்ச வாழ்க்கைக்கு அரை மணி நேரம்தான் மிஞ்சும்.

சுருக்கிய வடிவம் என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. 'ஹாட் ஸ்டஃப்', 'பேட் கேர்ள்ஸ்' இரண்டும் சுருங்கினாலும் பெரிதாகக் கெடாது. அவை இயல்பிலேயே பாட்டுகள். 'லாஸ்ட் டான்ஸ்' அப்படியல்ல. மெதுவாகத் தொடங்கி, வேகம் பிடித்து, நடுவில் மறுபடி மெதுவாக இறங்கி, திரும்ப ஏறும். அந்த நடு இறக்கம் நீண்ட வடிவத்தில் மட்டும்தான் உண்டு. பால் ஜபாரா எழுதிய இந்தப் பாட்டு ஆஸ்கர் வாங்கியது. இரவின் கடைசிப் பாட்டாக டி.ஜே.க்கள் இதைப் போட்டது அந்த ஏற்ற இறக்கத்துக்காக.

செய்ய வேண்டியது இதுதான். தொகுப்பின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 'லவ் டு லவ் யூ பேபி', 'ஐ ஃபீல் லவ்', 'லாஸ்ட் டான்ஸ்', 'மெக்கார்தர் பார்க்' ஆகிய நான்குக்கும் எதிரே உள்ள நிமிடத்தைப் பாருங்கள். நான்கும் நாலு நிமிடத்தைச் சுற்றியே இருந்தால் இது வானொலித் தொகுப்பு. குறைந்தது இரண்டு பாட்டு நீளமாக இருந்தால் தொகுத்தவர் கொஞ்சம் யோசித்திருக்கிறார். நான்கும் நீளமென்றால் இது நடனத்துக்கான தொகுப்பு, அதில் பின்னாள் பாட்டுகள் இருக்க வாய்ப்புக் குறைவு. 'ஒரிஜினல் வெர்ஷன்', 'ஃபுல் வெர்ஷன்' என்று பக்கத்தில் போட்டிருப்பதை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். கடிகாரம் பொய் சொல்லாது.

யாருடைய சரக்கு?

டோனா சம்மர் பாட்டுகள் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்ததில்லை. எழுபதுகளின் பெரிய ஹிட்டுகள் கேஸபிளாங்கா. அது பிறகு பாலிகிராம் கைக்குப் போனது. எண்பதுகளின் பெரும்பகுதி கெஃபன். 1989 ஆல்பம் அமெரிக்காவில் அட்லான்டிக், ஐரோப்பாவில் வார்னர். 2008 ஆல்பம் சோனியின் துணை நிறுவனம். ஒவ்வொரு பாட்டுக்கும் உரியவரிடம் அனுமதி வாங்கிப் பணம் கட்டினால்தான் தொகுப்பில் சேர்க்க முடியும்.

இதனால்தான் சில மலிவு விலைத் தொகுப்புகள் 1979இலிருந்து நேரே 1983க்குத் தாவும். 'ஷி வொர்க்ஸ் ஹார்ட் ஃபார் த மணி' எப்படி நடுவில் வந்தது என்றால், அவர் கெஃபனுக்குப் போன பிறகும் பழைய ஒப்பந்தப்படி பாலிகிராமுக்கு ஓர் ஆல்பம் கொடுக்க வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தார். பாலிகிராமின் மெர்குரி பெயரில் வந்த அந்த ஆல்பம் எண்பதுகளில் அவருடைய மிகப்பெரிய வெற்றியாகிவிட்டது. கடன் அடைக்கச் செய்த வேலை கெஃபனில் செய்த எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. அதனால் பாலிகிராம் வீட்டுத் தொகுப்புகளுக்கு அந்தப் பாட்டு சுலபமாகக் கிடைத்தது.

ஆக, சோதனை எளிது. 'த வாண்டரர்', 'லவ் இஸ் இன் கன்ட்ரோல்', 'ஸ்டேட் ஆஃப் இண்டிபென்டன்ஸ்', 'திஸ் டைம் ஐ நோ இட்ஸ் ஃபார் ரியல்' ஆகியவை இருக்கின்றனவா? இருந்தால் தொகுத்தவர்கள் பணம் செலவழித்து நாலு வாசல் ஏறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இல்லையென்றால் வீட்டில் இருந்ததை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் வட்டத்துக்குள் 'பி' போட்டு வருடங்கள் இருக்கும். அது ஒலிப்பதிவின் உரிமை வருடம். வட்டத்துக்குள் 'சி' என்பது அட்டை, எழுத்து போன்றவற்றுக்கு. எழுபதுகளின் பாட்டுக்கு எதிரே 'பி' வருடம் தொண்ணூறுகளிலோ அதற்குப் பிறகோ இருந்தால் உஷார். அது புதிதாகப் பாடிப் பதிவு செய்ததாக இருக்கலாம், மேடைப் பதிவாக இருக்கலாம், ரீமிக்ஸாக இருக்கலாம். டிஸ்கோ காலத்துப் பல பாடகர்கள் பிற்காலத்தில் தங்கள் ஹிட்டுகளை மலிவு நிறுவனங்களுக்காகத் திரும்பப் பாடிக் கொடுத்திருக்கிறார்கள். குரல் அவருடையதுதான், பெயரும் அதே. ஆனால் பின்னணியில் ஒரு கீபோர்டு மட்டும் டொங்கு டொங்கென்று தட்டிக்கொண்டிருக்கும். 'ரீரெக்கார்டட்' என்ற சொல்லை எங்காவது மூலையில் ஒளித்து வைத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். ஸ்ட்ரீமிங் செயலிகளில் ஆல்பத்துக்கு எதிரே காட்டும் வருடம் பெரும்பாலும் தொகுப்பு வெளிவந்த வருடம்தான். அதை வைத்துப் பாட்டின் வயதைக் கணக்கிட முடியாது.

எந்த நாட்டுக்காரர் தொகுத்தது?

அமெரிக்காவில் ஹிட்டானதெல்லாம் பிரிட்டனில் ஹிட்டாகவில்லை, பிரிட்டனில் ஹிட்டான சில பாட்டு அமெரிக்காவில் தெரியவே தெரியாது. 'ஐ ஃபீல் லவ்' பிரிட்டனில் நாலு வாரம் முதலிடம். அமெரிக்காவில் ஆறாமிடம்தான். 'லவ்ஸ் அன்கைண்ட்' பிரிட்டனில் மூன்றாமிடம் வரை போனது, பல அமெரிக்கத் தொகுப்புகளில் அதற்கு இடமே இருக்காது. 'டின்னர் வித் கெர்ஷ்வின்' பிரிட்டனில் நன்றாக ஓடியது. 1989 ஆல்பத்திலிருந்து 'ஐ டோன்ட் வான்னா கெட் ஹர்ட்' அங்கே முதல் பத்துக்குள் வந்தது. மறுபக்கம், 'ஹெவன் நோஸ்' அமெரிக்காவில் நாலாமிடம்.

ஒரே பெயர், ஒரே அட்டைப் படம், ஆனால் நாட்டுக்கு நாடு பாட்டு வரிசை மாறுவதுண்டு. பழைய சி.டி. வாங்குபவர்கள் பின்னட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முன்னட்டையை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்.

வரிசை எப்படி?

தொகுப்பில் பாட்டுகளை அடுக்க மூன்று வழி இருக்கிறது. கால வரிசை, ஹிட் வரிசை, ஒன்றோடொன்று இணைத்த தொடர் ஓட்டம்.

மூன்றாவதற்கு நல்ல உதாரணம் 1979இல் வந்த 'ஆன் த ரேடியோ' என்ற இரட்டை எல்.பி. பெரும்பாலான பாட்டுகளைச் சுருக்கி, ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையோடு ஒட்டி, நடன அரங்கில் டி.ஜே. போடுவது போல ஓடவிட்டார்கள். தொடர்ந்து மூன்று இரட்டை ஆல்பங்கள் அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆன முதல் கலைஞர் என்ற பெயரை 'லைவ் அண்ட் மோர்', 'பேட் கேர்ள்ஸ்' இரண்டுக்கும் பிறகு இதுதான் அவருக்கு வாங்கிக் கொடுத்தது. விருந்துக்கு அருமையான தட்டு. ஆனால் பாட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக ரசிக்க நினைப்பவருக்கு இது எரிச்சல் தரும். இடையில் ஒரு பாட்டை மட்டும் எடுத்துக் கேட்டால் தலையும் வாலும் வெட்டுப்பட்டுத் தெரியும். செயலியில் இதைக் கலைத்துப் போட்டுக் கேட்பது வீண் வேலை.

புதியவருக்கு நான் சொல்வது கால வரிசைதான். ஒரு நல்ல காரணம் உண்டு. டோனா சம்மரின் குரல் 1975இல் காற்று மாதிரி மெலிந்து காதோரம் பேசும். 1978இல் தேவாலயப் பாடகியின் முழுக் குரல் வெளியே வரும். அடுத்த வருடம் 'டிம் ஆல் த லைட்ஸ்' பாட்டில் ஒரே சுரத்தைச் சுமார் 16 வினாடி மூச்சு விடாமல் பிடித்திருப்பார். 1979இல் 'ஹாட் ஸ்டஃப்' பாடும்போது ராக் பாடகி. (அதற்குக் கிடைத்த கிராமியே ராக் பிரிவில்தான்.) இந்த மாற்றம் வரிசையாகக் கேட்டால்தான் காதில் ஏறும். ஹிட் வரிசையில் அடுக்கினால் முதல் நாலு பாட்டிலேயே எல்லாம் கொட்டிவிடும், அப்புறம் சரிவுதான்.

காதால் சோதிப்பது

இதற்கு விலை உயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். சாதாரண ஹெட்போன் போதும். ஃபோன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். செயலியில் ஒலியளவைச் சமன்செய்யும் வசதி இருந்தால் அதை இயக்கிவிட்டு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் எது சத்தமாக இருக்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாக மூளை முடிவு கட்டிவிடும்.

முதல் சோதனை 'ஐ ஃபீல் லவ்'. மியூனிக்கில் மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்து இதைச் செய்தார்கள். ராபி வெடல் என்ற பொறியாளர் உதவியோடு டேப்பையும் கருவியையும் ஒரே தாளத்தில் பிடித்து நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட எல்லாமே இயந்திரம். ஆனால் கிக் டிரம் மட்டும் சரியாக வரவில்லை என்று கீத் ஃபோர்சி காலால் அடித்துக் கொடுத்தார். மிக முக்கியமானது பேஸ், அதாவது அடியில் ஓடும் தாழ்ந்த சுருதி. அதன் ஒவ்வொரு அடியும் ஒரு காதில் விழும், அதன் எதிரொலி ஒரு நொடித்துளி தள்ளி மறுகாதில் விழும். அந்த எதிரொலி சரியாக இரண்டு அடிக்கு நடுவில் வந்து உட்கார்வதால் பேஸ் இரட்டை வேகத்தில் ஓடுவது போல இருக்கும். ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள், ஓட்டம் பாதியாகக் குறைய வேண்டும். திரும்ப மாட்டினால் துள்ள வேண்டும். கழற்றினாலும் மாட்டினாலும் ஒரே மாதிரி இருந்தால் அந்தத் தொகுப்பில் இரண்டு காதுக்குமான ஒலியை ஒன்றாகக் குறுக்கியிருக்கிறார்கள். வேறு பதிப்பு தேடலாம்.

இரண்டாவது 'லாஸ்ட் டான்ஸ்'. தொடக்கத்தில் குரலும் பின்னணியும் மெதுவாக, அடக்கமாக இருக்கும். பிறகு டிரம் நுழைகிற இடத்தில் அறையே பெரிதானது போல இருக்க வேண்டும். சில தொகுப்புகளில் மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசி வேலை) செய்தவர் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு இழுத்துவிட்டிருப்பார். அப்போது மெதுவான பகுதியும் சத்தமாகவே ஒலிக்கும், டிரம் வரும்போது ஏறுவதற்கு இடமிருக்காது. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து இந்தச் 'சத்தப் போட்டி' அதிகம். 'டிஜிட்டலி ரீமாஸ்டர்ட்' என்று தங்க எழுத்தில் போட்டிருப்பது தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. சில நேரம் அதுவே எச்சரிக்கை.

மூன்றாவதாக, டிரம் செட்டில் ஜோடியாக இருக்கும் ஹை ஹாட் சிம்பலைக் கேளுங்கள். டிஸ்கோவின் மூச்சே அதுதான். 'ட்ஸ்... ட்ஸ்' என்று திறந்து மூடுவது தெளிவாகக் கேட்டால் நல்லது. மணலைத் தேய்ப்பது போலக் கரகரத்தால் அடுத்த ஆல்பத்துக்குப் போங்கள்.

'ஹாட் ஸ்டஃப்' வரும்போது ஜெஃப் பாக்ஸ்டரின் கிட்டார் தனி வாசிப்பு முழுதாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. ஆல்பத்தில் அந்தப் பாட்டு நிற்காமல் அப்படியே 'பேட் கேர்ள்ஸ்' பாட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். தொகுப்பில் அந்த இணைப்பைக் கத்தரித்த இடம் நாசூக்காக இருக்கிறதா, வெட்டென்று நிற்கிறதா என்பதிலேயே தொகுத்தவரின் அக்கறை தெரிந்துவிடும்.

'புதுப் பாட்டு' என்ற தூண்டில்

எல்லாப் பாட்டும் ஏற்கெனவே கையில் இருக்கும் ரசிகரையும் வாங்க வைக்க ஒன்றிரண்டு புதியவை சேர்ப்பது வழக்கம். டோனா சம்மர் விஷயத்தில் இது பெரும்பாலும் நல்லதாகவே முடிந்தது. 'ஆன் த ரேடியோ' பாட்டே 'ஃபாக்ஸஸ்' படத்துக்காகச் செய்து அந்த 1979 தொகுப்பில் இடம்பெற்றதுதான். அமெரிக்காவில் ஐந்தாமிடம் வரை போனது. 1994 தொகுப்பில் 'மெலடி ஆஃப் லவ்' சேர்ந்தது, அது அமெரிக்க நடனப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

1993இல் வந்த இரட்டை சி.டி. 'அந்தாலஜி'யின் கவர்ச்சி வேறு மாதிரி. 1981இல் பதிவு செய்து நிறுவனம் வெளியிடாமல் கிடப்பில் போட்ட 'ஐயம் எ ரெயின்போ' ஆல்பத்திலிருந்து சில பாட்டுகளை அதில் வைத்தார்கள். முழு ஆல்பம் வெளிவர 1996 ஆனது. இப்படிப்பட்ட சேர்க்கைகள்தான் தொகுப்புக்கு மதிப்புக் கூட்டும். புதிதாகப் பின்னணி போட்ட ரீமிக்ஸ்களை 'போனஸ்' என்று கடைசியில் திணிப்பது அப்படியல்ல. அவற்றை மதிப்பீட்டில் கணக்கெடுக்கவே வேண்டாம்.

கையேடு இருந்தால் புரட்டிப் பாருங்கள். எந்தப் பாட்டு எந்த வருடம், எந்த வடிவம், யார் தயாரிப்பு என்று ஒழுங்காகப் போட்டிருக்கிறதா? மொரோடர், பெலாட், குவின்சி ஜோன்ஸ், மைக்கேல் ஓமார்டியன் பெயர்களெல்லாம் இருக்கின்றனவா? வெறும் புகைப்படங்களை மட்டும் நிரப்பியிருந்தால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியில் எதை எடுப்பது?

ஒரே ஒரு சி.டி. போதும், பஸ்ஸில் போகும்போது கேட்க வேண்டும் என்பவருக்கு 'என்ட்லெஸ் சம்மர்' சரி. சுருக்கிய வடிவங்கள்தான், ஆனால் பரப்பு நன்றாக இருக்கிறது. என் ஓட்டு 'அந்தாலஜி'க்கு. இரண்டு சி.டி., 34 பாட்டு, கேஸபிளாங்காவோடு நிற்காமல் கெஃபன் காலத்தையும் மதிப்போடு நடத்துகிறது. 1980க்குப் பிறகான பாட்டுகளை வால் போல ஒட்டவைக்காமல் அவற்றுக்கும் ஒரு கதை இருக்கிறது என்று காட்டும் தொகுப்பு. அதில் சில பாட்டு இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு. அந்தக் குறையை 'த டான்ஸ் கலெக்‌ஷன்' தீர்க்கும், அது 12 அங்குல வடிவங்களுக்காகவே செய்தது. 'ஆன் த ரேடியோ'வைப் பழைய எல்.பி.யாகவே வாங்குங்கள். பக்கம் பக்கமாக ஓடவிட்டுக் கேட்பதற்காகச் செய்தது அது. வாங்கும்போது இரண்டு தட்டும் உறைக்குள் இருக்கின்றனவா என்று எடுத்துப் பார்த்துவிடுங்கள், இரட்டை ஆல்பங்களில் ஒன்று காணாமல் போயிருப்பது சகஜம்.

தொகுப்பு பிடித்துப்போனால் அடுத்து முழு ஆல்பங்களுக்கு நகரலாம். முதலில் 'பேட் கேர்ள்ஸ்'. அடுத்து 'ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே'. அதன் முதல் பக்கம் நாற்பதுகள், ஐம்பதுகள், அறுபதுகளின் சாயலில் ஒவ்வொரு பாட்டாகப் போகும், ஆல்பத்தின் கடைசிப் பாட்டு எதிர்காலம் எப்படி ஒலிக்கும் என்ற கற்பனை. அந்தக் கடைசிப் பாட்டுதான் 'ஐ ஃபீல் லவ்'. தொகுப்பில் தனியாகக் கேட்டதற்கும், முன்னால் அத்தனை பழைய சாயல்கள் ஓடி முடிந்த பிறகு கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்காகவே அந்த ஆல்பத்தை ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை போட்டுப் பாருங்கள்.